ஆள் அனுப்புகிறவளின் நேபாள நாட்குறிப்பு

செவ்வாய், நவம்பர் 4, 2025 – காத்மாண்டு

திரிபுவன் விமான நிலையத்தில் இந்தியர்களுக்கு விசா வரிசை கிடையாது. பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அட்டையையோ காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மற்ற நாட்டுக்காரர்கள் சுற்றுலா விசாவுக்கு 15 நாள் என்றால் 30 டாலர், 30 நாள் என்றால் 50, 90 நாள் என்றால் 125 கட்ட வேண்டும். இன்று அந்த வரிசையில் சில பிள்ளைகள் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றார்கள். முதுகில் கொட்டை எழுத்தில் 'வாலன்டியர்'. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் நிறுவனம் அனுப்பிய ஆட்கள் இல்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி.

விஷயம் இதுதான். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் இருப்பவர் வேலை செய்யக்கூடாது. சம்பளம் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. தன்னார்வத் தொண்டும் அதில் அடக்கம். முறையாகச் செய்வதென்றால் இங்குள்ள அமைப்பு அரசிடம் அனுமதி பெற்று, அதை வைத்து வேறு வகை விசா எடுக்க வேண்டும். அதற்கு நாளாகும், காகிதம் ஆகும். அதனால் பல இடங்களில், "யாராவது கேட்டால் மலையேற வந்தேன் என்று சொல்லிவிடு" என்று சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நல்லது செய்யக் கிளம்பி வந்த பிள்ளை ஊரில் இறங்கியதும் பேசுவதே பொய். இந்த டி-ஷர்ட் கோஷ்டிக்கு அதைக்கூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்காக: நான் வேலை பார்ப்பது லாபநோக்கமில்லாத ஒரு சிறு நிறுவனத்தில். நம் ஊர் மாணவர்களையும் வெளிநாட்டு மாணவர்களையும் ஆசிய நாடுகளில் உள்ள அமைப்புகளுக்குத் தன்னார்வலர்களாக, இன்டர்ன்களாக அனுப்புகிறோம். அனுப்புவதற்கு முன்னால் இடத்தைப் போய்ப் பார்ப்பது, வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசுவது, கழிப்பறைக் கதவு சாத்துகிறதா என்று தள்ளிப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். "மேடம், சாப்பாடு எப்படியோ இருக்கட்டும், பொண்ணு தங்குற ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?" நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. உள்தாழ்ப்பாள் எங்கள் சரிபார்ப்புப் பட்டியலிலேயே இருக்கிறது.

டாக்ஸியில் வரும்போது அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் பக்கம் எரிந்த சுவர்களைப் பார்த்தேன். இங்கத்திய தீபாவளியான தீஹார் முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியும் வீட்டு வாசல்களில் சாமந்தி மாலைகள் காய்ந்து தொங்குகின்றன. அதற்குப் பக்கத்திலேயே கரிபிடித்த ஜன்னல்கள்.

லலித்பூரில் எங்கள் ஒருங்கிணைப்பாளரின் வீட்டில்தான் சாப்பாடு. வயதில் மூத்தவர். எல்லாருக்கும் அவர் தீதி (அக்கா), நான் அவருக்கு பஹினி (தங்கை). செப்டம்பரில் நடந்ததை அவர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

செப்டம்பர் 4ஆம் தேதி அரசு 26 சமூக ஊடகங்களை முடக்கியது. 8ஆம் தேதி இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது, அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் நாடாளுமன்றமும் சிங்க தர்பாரும் உச்ச நீதிமன்றமும் எரிந்தன. பிரதமர் ஒலி ராஜினாமா செய்தார், விமான நிலையத்தை மூடினார்கள், இரவு ராணுவம் வந்தது. இதெல்லாம் செய்தியில் வந்ததுதான். செய்தியில் வராதது, எங்கள் அவசரகாலத் திட்டம் என்ன ஆயிற்று என்பது. அது ஒரு கோப்பு. அதன் முதல் படி: 'வாட்ஸப் குழுவில் அனைவருக்கும் செய்தி அனுப்புக.' முடக்கப்பட்ட 26இல் வாட்ஸப்பும் ஒன்று!

தீதி கோப்பைத் திறக்கவே இல்லை. வைபர் முன்பே அரசிடம் பதிவு செய்திருந்ததால் அது ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தங்கியிருந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே வைபரில்தான் இருந்தார்கள், கல்யாணப் புகைப்படம் அனுப்பிக்கொள்ள. போதாததற்குத் தீதியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. யார் எந்த வீட்டில், பக்கத்து வீட்டு நம்பர் என்ன, யாருக்கு என்ன மாத்திரை என்று பென்சிலில் எழுதியது. ஊரடங்கு நாட்களில் ஒரு பிள்ளைகூட வாசற்படி தாண்டவில்லை. தாண்ட விடவில்லை.

"உங்க திட்டத்தில் ஆமாக்கள் பேர் ஒரு இடத்திலும் இல்லையே பஹினி. காவல் காத்தது அவங்கதானே" என்றார், சோற்றில் பருப்பை ஊற்றிக்கொண்டே. ஆமா என்றால் அம்மா. தங்கவைக்கும் வீட்டுப் பெண்களைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோப்பின் புதுப் பதிப்பில் அவர்களுக்கென்று தனிப் பக்கம் போடப்போகிறேன்.

புதன், நவம்பர் 5 – லலித்பூர்

காலையில் ஒரு குழந்தைகள் இல்லம். பெயர் சொல்லப்போவதில்லை. குழந்தைகள் இல்லங்களுக்கு ஆள் அனுப்புவதை எங்கள் நிறுவனம் நிறுத்திவிட்டது. ஆனாலும் நிர்வாகி விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன்.

கழுத்தில் மஞ்சள் துணி போட்டு வரவேற்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்த ஒரு நிமிஷத்துக்குள் ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. என் பெயர்கூடக் கேட்கவில்லை. கையிலிருந்த போனை வாங்கி, பூட்டைத் திறக்காமலே கேமராவை வரவழைத்து, இரண்டு விரலைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டது. வந்திருந்தது நான் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் புது ஆளைப் பார்த்தால் அம்மா முந்தானைக்குப் பின்னால் இருந்துதான் எட்டிப் பார்க்கும். இந்தக் குழந்தைக்கு முந்தானை இல்லை, வருகிறவர்கள்தான் உண்டு. மாதாமாதம் புது ஆள் வருவார், கொஞ்சுவார், அழுதுகொண்டே விமானம் ஏறுவார்.

"பிள்ளைகளுக்கு அன்பு வேணும் மேடம். மாசத்துக்கு ரெண்டு பேரை அனுப்புங்க" என்றார் நிர்வாகி.

"இவங்கள்ல எத்தனை பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்காங்க?"

"சில பேருக்கு" என்றார். அப்புறம் டீ வரச் சொன்னார்.

இந்தக் கதைக்கு வயது இருக்கிறது. 1996 முதல் 2006 வரை நேபாளத்தில் உள்நாட்டுப் போர். ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். "மாவோயிஸ்டுகள் பிள்ளையைப் பிடித்துப் போய்விடுவார்கள். எங்களோடு அனுப்புங்கள், காத்மாண்டுவில் படிக்கவைக்கிறோம்" என்றார்கள். நிலத்தை விற்றுப் பணம் கட்டி அனுப்பிய பெற்றோர் உண்டு. இங்கே வந்ததும் காகிதத்தில் அந்தப் பெற்றோரைச் சாகடித்துவிட்டார்கள். போர் முடிந்தது, வியாபாரம் முடியவில்லை. நாட்டில் 77 மாவட்டங்கள் இருக்க, பதிவான இல்லங்களில் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வான் என்று ஐந்தே மாவட்டங்களில். ஐந்திலும் வறுமை அதிகம் என்பதால் அல்ல, ஐந்துக்கும் சுற்றுலாப் பயணி வருகிறார் என்பதால். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு பிள்ளைகளை அனுமதியில்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக்கூடாது என்று அரசு தடைபோட வேண்டி வந்ததும் இதே பயத்தால்தான்.

உலகம் மெதுவாக விழித்துக்கொண்டது. நவீன அடிமைத்தனத்துக்கு எதிராக ஆஸ்திரேலியா 2018இல் கொண்டுவந்த சட்டத்தின்போது இந்த அநாதை இல்லக் கடத்தலும் பேச்சுக்கு வந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் இல்லங்களில் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் தீங்கைக் குறித்தது. ஆனாலும் எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் 'விருப்பம்' என்ற கட்டத்தில் இன்னமும் அதிகம் எழுதப்படுவது 'குழந்தைகளுடன்' என்பதுதான். நல்ல பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தேவை இருந்தால் சரக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நிர்வாகியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். குழந்தை இறங்கியது, போனைக் கொடுத்தது, அடுத்து வந்த தீதியின் மடியில் ஏறியது.

மத்தியானம் போனது இதற்கு நேர்மாறான இடம். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் குடும்பத்தைத் தேடிப்பிடித்துச் சேர்த்துவைக்கிற அமைப்பு. இரண்டு அறை, நான்கு மேசை, சுவர் முழுக்கக் கோப்புகள். ஹும்லாவுக்குப் போய்வந்த சமூகப் பணியாளர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நேபாள்கஞ்ச் வரை ஒரு விமானம், அங்கிருந்து சிமிகோட்டுக்குச் சிறு விமானம், மேகம் வந்தால் அதுவும் இல்லை. சிமிகோட்டிலிருந்து நடை. அப்படி நடந்து போய், பையன் சொன்ன அடையாளத்தை வைத்து ஊரைக் கண்டுபிடித்து, "இந்தப் போட்டோவில் இருப்பது உங்கள் மகனா?" என்று கேட்க வேண்டும்.

அவர்களுக்கு எங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று கேட்டேன். குழந்தைகளைக் கொஞ்சுவதற்குத் தன்னார்வலர் வேண்டாம் என்றார்கள். கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஒழுங்கு பண்ண ஆள் வேண்டும். ஒரே பையன் பெயர் மூன்று கோப்பில் மூன்று விதமாக இருக்கிறது, ஊர்ப் பெயர் நான்கு விதமாக. எக்ஸெல் நன்றாகத் தெரிந்த, ரகசியம் காக்கத் தெரிந்த ஒருவர், குறைந்தது நான்கு மாதம்.

நான் இந்தப் பயணத்தில் மனதார ஒப்புதல் போட்டது இதற்குத்தான். ஆள் கிடைப்பதுதான் பாடு. "குழந்தைகளோடு போட்டோ எடுக்கலாமா?" என்று விண்ணப்பதாரர் கேட்பார். குழந்தைகளைப் பார்க்கவே மாட்டீர்கள் என்று நான் சொல்ல வேண்டும்.

வியாழன், நவம்பர் 6 – பிருத்வி நெடுஞ்சாலை

முழு நாளும் பஸ், சித்வானுக்கு. நாக்டுங்கா இறக்கத்தில் லாரிகள் வால்பிடித்து நின்றன. அந்த மலையைக் குடைந்து ஜப்பான் உதவியோடு சுரங்கப்பாதை அமைக்கிறார்கள், அது ஓட ஆரம்பித்தால் இந்த அவதி குறையும். நிற்கிற நேரத்தில் மெயில் பார்த்தேன்.

மருத்துவப் படிப்புக்கு முயன்றுகொண்டிருக்கும் ஒரு மாணவர், வெளிநாட்டுக்காரர், கேட்டிருக்கிறார்: நேபாள மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் போனால் தையல் போட விடுவார்களா? ஊசி போட விடுவார்களா? அவர் நாட்டில் விடமாட்டார்களாம். இந்தக் கேள்விக்கு எங்களிடம் தயார்ப் பதில் உண்டு. உங்கள் ஊரில் எதைச் செய்ய உங்களுக்கு உரிமம் இல்லையோ, அதை இங்கேயும் தொடக்கூடாது. வெளிநாட்டு டாக்டரே நேபாள மருத்துவ மன்றத்தில் தற்காலிகப் பதிவு வாங்கித்தான் நோயாளியைத் தொட வேண்டும். நின்று பார்க்கலாம், கேட்கலாம், எழுதிக்கொள்ளலாம். இதை மரியாதையாக எழுதி அனுப்பினேன். இந்தப் பதிலுக்குப் பிறகு பாதிப் பேர் மறுபடி எழுதுவதில்லை. நல்லதுதான்.

மலேகுவில் திரிசூலி ஆற்று மீன் வறுவல். முக்லிங்கில் போக்கரா வண்டிகள் நேராகப் போய்விட்டன, நாங்கள் தெற்கே திரும்பினோம். பரத்பூர் வந்தபோது இருட்டிவிட்டது. முதுகு வலி.

வெள்ளி, நவம்பர் 7 – சித்வான்

இன்றைக்கு நீளமாக எழுதப்போகிறேன்.

இங்கே எங்கள் கூட்டாளி அமைப்பு, கிராமங்களில் தாய்சேய் ஊட்டச்சத்துப் பணி செய்வது. இதன் இயக்குநரைத் தீதி உட்பட எல்லாரும் தாஜு என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். நிதியில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து, இரண்டு மூன்று கை மாறி வந்துகொண்டிருந்தது. ஜனவரியில் அங்கே புது அரசு வந்ததும் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார்கள். ஜூலை 1ஆம் தேதியோடு அந்த உதவியைக் கொடுத்துவந்த யூஎஸ்எய்ட் என்ற அமைப்பையே மூடிவிட்டார்கள். இந்த அலுவலகத்தில் அதன் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆறு மேசையில் இரண்டில்தான் ஆள். மற்றவற்றில் தண்ணீர் கேன், பழைய பேனர், மடித்த குடை.

தாஜு சுற்றி வளைக்கவில்லை. "களப் பணியாளர்களை அனுப்பிட்டோம். அந்த இடத்துக்கு ஆறு வாலன்டியர் கொடுங்க. வெளிநாட்டுப் பிள்ளைகளா இருந்தாலும் பரவாயில்லை. நேபாளி நாங்க சொல்லிக்கொடுத்துக்கிறோம்."

எங்கள் நிறுவனத்தில் ஒரு திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முதலில் கேட்கும் கேள்வி, 'இதை யார் கேட்டார்கள்?' என்பது. ஊர்க்காரர்கள் கேட்டார்களா, இல்லை நம் மாணவருக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று நாமே கிளப்பியதா? சுவருக்கு வெள்ளையடிக்கும் திட்டங்களும் யானை குளிப்பாட்டும் திட்டங்களும் அந்தக் கேள்வியிலேயே அடிபட்டுப் போகும். நானே பலருக்கு அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். இதோ, எதிரே உட்கார்ந்து ஒருவர் கேட்கிறார். உண்மையான தேவை, உள்ளூர் அமைப்பு, தெளிவான வேலை. பட்டியலில் எல்லா கட்டத்திலும் டிக் போடலாம். ஆனாலும் எனக்குத் தொண்டையில் ஏதோ நின்றது.

சரி, ஊருக்குள் போய்விட்டு வந்து பேசலாம் என்றேன்.

கூட வந்தவர் அந்த வார்டின் சுகாதாரத் தன்னார்வலர். நேபாள அரசு 1988இல் தொடங்கிய திட்டம் இது. ஊருக்கு ஊர் ஒரு பெண், நாடு முழுக்க ஏறத்தாழ 50,000 பேர். சம்பளம் கிடையாது, உடைப்படி, பயிற்சிப்படி என்று சொற்பத் தொகை. கார்த்திக மாதத்திலும் வைசாக மாதத்திலும் நாட்டின் குழந்தைகளுக்கெல்லாம் வைட்டமின் ஏ கொடுப்பது இவர்கள்தான். கேப்ஸ்யூலின் நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கி வாயில் பிழிந்துவிடுவார்கள். ஒரு வயதுக்குக் கீழே நீலம், மேலே சிவப்பு. நேபாளத்தில் சின்னக் குழந்தைகளின் சாவு குறைந்ததைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தப் பெண்களைச் சொல்லாமல் எழுத முடியாது.

இந்த அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். இருபது வருஷத்துக்கும் மேலாக இதே வேலை, நடுவே வயல், எருமை, பேரப்பிள்ளை. காலையில் எருமைக்குப் புல் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். தாரு மக்களின் மண் வீடு ஒன்றில் ஒரு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்தார். தோளிலிருந்து முழங்கை வரை விரலால் அளந்து நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, பையிலிருந்து நாடாவை எடுத்துச் சுற்றினார். அந்த நாடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். கைச் சுற்றளவு 125 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பச்சை, பயமில்லை; 115க்குக் கீழே என்றால் சிவப்பு, கடுமையான ஊட்டக்குறைவு. குழந்தை நாடாவைக் கடிக்கப் பார்த்தது. அளவு இரண்டுக்கும் நடுவே மஞ்சளில் நின்றது.

தன்னார்வலர் அம்மா எதுவும் சொல்லவில்லை. தாயிடம் என்ன சமைத்தாய், முட்டை இருக்கிறதா, வயிற்றுப்போக்கு போனதா என்று ஊர்க் கதை பேசுகிற மாதிரியே கேட்டார். அந்தப் பேச்சு தாரு மொழியில் நடந்தது. எனக்குப் புரியவில்லை, தீதிக்கே பாதிதான் புரிந்தது. எங்கள் பிள்ளை யாராவது இங்கே நின்றிருந்தால் நாடாவைப் படித்திருப்பார், மஞ்சள் என்று எழுதிக்கொண்டிருப்பார். முட்டையைப் பற்றிக் கேட்டிருக்க முடியாது.

இதையெல்லாம் பதிவேட்டில் எழுதிக்கொண்டே கூட நின்றவள் ஓர் இளம் தாரு பெண். சைக்கிளில் வந்தவள். தாஜு வேலையை விட்டு அனுப்பிய களப் பணியாளர்களில் ஒருத்தி என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது சம்பளம் இல்லை. ஏன் வந்தாய் என்று ஹிந்தியில் கேட்டேன். "இந்தக் குழந்தை போன தடவை சிவப்பு, தீதி. மஞ்சளுக்கு வந்துச்சான்னு பார்க்கணும்" என்றாள். மலேசியாவில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு ஏஜென்டிடம் பேசிக்கொண்டிருக்கிறாளாம்.

தொண்டையில் நின்றது என்ன என்று அங்கேதான் தெரிந்தது. தாஜு கேட்கிற ஆறு பேர், இவளும் இவள் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்கு. வேலை தெரிந்த, மொழி தெரிந்த பெண் மலேசியா போவாள். வேலையும் மொழியும் தெரியாத ஒருவர் காசு கட்டிவிட்டு இங்கே வருவார். இரண்டு பேரும் ஒரே விமான நிலையத்தில்.

திரும்பும் வழியில் தாஜுவிடம் அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாதா பஹினி? நிதி வந்தா நாளைக்கே அவளைக் கூப்பிடுவேன். வரலையே. நீங்க ஆள்தானே கொடுப்பீங்க, காசு கொடுக்கமாட்டீங்களே."

சுருக்கென்று இருந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை.

ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வழி தோன்றுகிறது, நாளைக்கு எழுதுகிறேன். கொசு பிடுங்குகிறது.

சனி, நவம்பர் 8 – சௌராஹா

சனிக்கிழமை இங்கே விடுமுறை. அலுவலகம் பூட்டு. சித்வான் தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கிற ஊருக்கு வந்தேன். 1973இல் அமைத்த பூங்கா, 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னம். 2021 கணக்கெடுப்பில் நேபாளத்தில் 752 காண்டாமிருகம், அதில் 694 இங்கேதான். ராப்தி ஆற்றங்கரையில் நின்றபோது ஒன்று மறுகரையில் மேய்ந்துகொண்டிருந்தது. மூன்று நிமிஷம் பார்த்தோம், அது எங்களைப் பார்க்கவே இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு. பூங்காவின் வருமானத்தில் 30 முதல் 50 சதவிகிதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக வேண்டும் என்று சட்டம். பயிரைக் காண்டாமிருகம் மேய்ந்துவிட்டுப் போகிற ஊர்கள் அவை. காசு எங்கே போகிறது என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

எங்கள் கட்டணத்தைப் பற்றியும் அப்படி எழுதிவைக்க வேண்டும். "உழைக்க வர்றேன், காசும் கட்டணுமா?" என்று கேட்காத மாணவர் இல்லை. கட்டத்தான் வேண்டும். ஆமா வீட்டு அரிசிக்கு, மொழி வகுப்புக்கு, தீதியின் சம்பளத்துக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி என்று போன் வந்தால் எழுந்து ஓடுகிறவருக்கு. மிச்சம் எங்கள் அலுவலகத்துக்கு. இதில் அந்த அமைப்புக்கு என்று எதுவும் இல்லை, ஆள்தான் கொடை என்று நாங்கள் வைத்திருக்கிறோம். தாஜு நேற்றுக் குத்தியது இந்த இடத்தில்.

தோன்றிய வழி: சித்வானுக்கு ஆறு பேர் வேண்டாம், ஒருவர் போதும். அவரும் ஆறு மாதத்துக்கு. அவர் குழந்தையின் கையை அளக்க வேண்டாம், நிதி கேட்டு விண்ணப்பம் எழுதவும் பழைய பதிவேடுகளைத் தொகுக்கவும் உதவட்டும். அவர் கட்டும் தொகையில் எங்கள் பங்கைக் குறைத்து, அந்தச் சைக்கிள் பெண்ணின் சம்பளத்தில் ஒரு பாதியையாவது அதிலிருந்து கொடுக்கலாம். களத்தில் அவள் மூத்தவள், இன்டர்ன் அவள் சொல்கிறபடி.

மாலையில் டீக்கடையில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் அறிமுகமானார். சின்ன வயதில் அவருக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவர் அமெரிக்க அமைதிப் படையிலிருந்து (Peace Corps, ராணுவம் அல்ல, அமெரிக்க அரசின் தன்னார்வலர் திட்டம்) வந்த பையனாம். 1962இல் நேபாளத்துக்கு வர ஆரம்பித்தவர்கள். 27 மாதம் இருக்க வேண்டும், முதலில் மொழிப் பயிற்சி. போர் முற்றியபோது 2004இல் போனார்கள், 2012இல் திரும்ப வந்தார்கள். "நல்லா சொல்லிக்கொடுப்பாரா?" என்று கேட்டேன். வாத்தியார் சிரித்தார். "முதல் வருஷம் நாங்கதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம். ரெண்டாவது வருஷம் நல்லா நடத்தினார்."

நாங்கள் இரண்டு வாரத்துக்கும் ஆள் அனுப்புகிறோம். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிறு, நவம்பர் 9 – காத்மாண்டு

பரத்பூரிலிருந்து அரை மணிகூட ஆகாத விமானம். மேகத்துக்கு மேலே வந்ததும் இமயமலையைப் படம் எடுக்க இடப்பக்க ஜன்னல்காரர்கள் எல்லாரும் போனைத் தூக்கினார்கள். நான் வலப்பக்கம், எனக்குத் தெரிந்தது அவர்கள் முதுகு.

தீதி வீட்டில் ஐந்து நேபாளி இளைஞர்கள் காத்திருந்தார்கள். எதிர்த்திசையில் போக விரும்புகிறவர்கள். ஜெர்மனி அரசு 2008இல் தொடங்கிய தன்னார்வத் திட்டத்தில் முதலில் ஜெர்மானியப் பிள்ளைகள் மட்டும் வெளியே போனார்கள். 2013 முதல் மற்ற நாட்டுப் பிள்ளைகளும் அங்கே போக வழி வைத்தார்கள். முதியோர் இல்லத்தில், மழலையர் பள்ளியில் ஒரு வருடம். நல்ல ஏற்பாடு. ஆனால் இவர்களில் ஒருவனுக்கு வேறொரு நாட்டு விசா ஏற்கெனவே மறுக்கப்பட்டிருக்கிறது. காரணம், திரும்பி வருவான் என்பதற்கு ஆதாரம் போதவில்லையாம். அவனுக்கு வயது 22. நிலமா, பெண்டாட்டியா, எதைக் காட்டுவான்? எங்கள் மாணவர்களிடம் நேபாளம் அப்படி ஒரு ஆதாரம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சுற்றுலா வருகிறவரிடம் 30 டாலர் கேட்கும், அவ்வளவுதான்.

அவனுக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. கல்லூரி அனுமதிக் கடிதம், அப்பாவின் கடைப் பதிவு, செப்டம்பருக்குப் பிறகு அவன் தெரு சுத்தம் செய்த குழுவின் சான்று எல்லாவற்றையும் சேர்த்து எப்படி விண்ணப்பம் எழுதுவது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். மார்ச் 5ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் முடியும் வரை ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று இன்னொரு பெண் சொன்னாள். முதல் ஓட்டாம்.

சித்வான் யோசனையை நேற்று ராத்திரியே எங்கள் இயக்குநருக்கு அனுப்பியிருந்தேன். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது பதில் வந்தது. யோசனை பிடித்திருக்கிறதாம். உள்ளூர்ப் பணியாளர் சம்பளத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் காட்டுவது, தணிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது, ஆறு பேரின் கட்டண வருமானம் போகிறதே, அதை எங்கே ஈடுகட்டுவது என்று மூன்று கேள்வி. மூன்றாவதுக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. முதல் இரண்டையும் டெல்லியில் விமானம் மாறுகிற நேரத்தில் எழுதி அனுப்பிவிடுவேன். தாஜுவுக்கு இப்போதைக்கு ஒரே வரி வைபரில் போட்டிருக்கிறேன்: சைக்கிள் பெண்ணிடம் ஏஜென்டுக்குப் பணம் கட்டவேண்டாம், இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.